தொட்டியில் கிடந்த விரால்

ஹாஸ்டலில் என்னோடு இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மீன் குழம்பு போடுகிற நாளில் தட்டை நீட்டிக்கொண்டு, "கெளுத்தி இருக்குங்களாக்கா?" என்று மெஸ் அக்காவிடம் கேட்பேன். ஒரு நாளும் இருந்ததில்லை. கடல் மீன்தான் வரும். நீங்கள் சிரிப்பீர்கள். "இவளுக்கு ஊர்ல சொந்தமா ஆறு ஓடுதுடி" என்று உங்களில் ஒருத்தி சொல்வாள். ஆறெல்லாம் இல்லை. ஒரு பள்ளம் இருந்தது. ஒரு கோடை லீவில் அந்தப் பள்ளத்தில் நாங்கள் மீன் சேர்த்ததையும், அதனால் வீட்டில் நடந்ததையும் நான் உங்களிடம் முழுசாகச் சொன்னதில்லை. இப்போது நமக்கெல்லாம் முப்பது நெருங்குகிறது. போன கல்யாணத்தில் பார்த்தபோது ஒருத்தியின் வகிட்டில் நரைகூட இருந்தது. சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். சுற்றிலும் நெல், வாழை, தென்னை. அதில் எதுவும் எங்களுடையது இல்லை. அப்பா வாழைத்தார் வெட்டப் போவார். அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போவாள். அக்கா சின்ன வயதிலேயே பஞ்சு மில்லுக்குப் போய், அங்கிருந்து கல்யாணமாகிக் கொடுமுடிக்குப் போனவள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் அதை முடித்துவிட்டும் வந்தது நான்தான். இதை அடக்கமாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. உங்களில் பாதிப் பேர் என் மாதிரிதான், நீங்களும் அடக்கமாகச் சொல்லாதீர்கள்.

பள்ளம் என்றால் குழி இல்லை. எங்கள் பக்கம் சின்ன ஓடையைத்தான் பள்ளம் என்போம். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் வயல்களின் கசிவெல்லாம் வடிந்து வந்து பள்ளத்தில் இடுப்பளவு ஓடும். வாய்க்காலை நிறுத்திவிட்டால் முழங்காலுக்கு இறங்கும், பிறகு கணுக்காலுக்கு. கடைசியில் புங்கமரங்களின் வேருக்கடியில் மட்டும் குட்டை குட்டையாக நிற்கும். மீன்கள் எல்லாம் அந்தக் குட்டைகளுக்கு ஒதுங்கும். தண்ணீர் வற்ற வற்றச் சேற்று வாடையும் பாசி வாடையும் வீடு வரைக்கும் வரும். எனக்கு முழுப் பரீட்சை முடிந்ததும் அந்த வாடை தொடங்கியதும் அந்த வருஷம் ஒன்றாக இருந்தன.

அப்போதுதான் சித்தப்பாவின் போனில் அக்காவின் மாமியார் பேசினார். எங்கள் வீட்டில் இருந்த ஒரே போன் அதுதான். சித்தப்பா அதை ஸ்பீக்கரில் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி தண்ணீர்க் குடத்தின் மேல் வைத்தார். அக்கா மாசமாக இருந்தாள். கட்டுச்சோறு கொண்டு போகிற பேச்சு நடந்துகொண்டிருந்தது. கொங்குப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பிறந்த வீட்டிலிருந்து வகை வகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய், புகுந்த வீட்டில் உறவுக்கெல்லாம் பந்தி போட்டு, மாசமாக இருக்கிற பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு வருவதுதான் கட்டுச்சோறு.

"புளிச்சோறு, தயிர்சோறெல்லாம் எல்லாரும் கொண்டாரதுதானுங்க," என்றது போன். "நீங்க மீனுக் கொழம்பும் வெச்சுக் கொண்டாங்க. கடை மீனு வேண்டாமுங்க. உங்கூர்ப் பள்ளத்து மீனு."

"அதுக்கென்னங்க, கொண்டாந்தாப் போச்சு," என்றாள் அம்மா. முகம் மட்டும் மாறிவிட்டது.

"பிரசவத்த இங்கியே பாத்துக்கலாமான்னும் ஒரு ரோசனை இருக்குதுங்க. ஆஸ்பத்திரி பக்கம். செரி, மீனோட வாங்க, பேசிக்கலாம்."

போன் அணைந்ததும் அம்மா குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "காவேரிக் கரையில உக்காந்துக்கிட்டு நம்மகிட்ட மீனு கேக்குதாமா. நம்மால முடியாதுன்னு தெரிஞ்சுதான கேக்குது? மீனு இல்லாமப் போய் நின்னா, ஒரு கொழம்புக்கு வக்கில்லாத ஊட்டுக்குப் புள்ளைய எப்புடி அனுப்பறதும்பாங்க. அங்கியே நிறுத்திக்குவாங்க."

கல்யாணத்தன்று பந்தியில் ரசம் தீர்ந்துபோனதை அந்தம்மா எல்லார் முன்னாலும் சொல்லிக் காட்டியிருந்தார். அதிலிருந்து அவர் என்ன சொன்னாலும் அம்மாவின் காதில் அந்த ரசம்தான் விழுந்தது.

தலைப்பிரசவத்துக்கு மகள் தன் வீட்டுக்கு வராமல் போவது என்பதை அம்மாவால் நினைக்கவே முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டு உறவு முழுக்க உட்காருகிற பந்திக்கு மீன் வாங்குகிற வசதி எங்களுக்கு இல்லை. பள்ளத்தில் ஒரே நாளில் அவ்வளவு மீன் கிடைக்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துச் சேர்த்தால் கிடைக்கும். ஆனால் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. செத்த மீன் மதியத்துக்குள் நாறிவிடும்.

"உசுரோட வெச்சுக்கலாம்," என்றார் அப்பா. "தொட்டி சும்மாதான கெடக்குது?"

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு கல்தொட்டி இருந்தது. இரண்டு வீட்டிலும் எருமை இருந்த காலத்தில் சேர்ந்து வாங்கிப் போட்டது. எருமைகள் போய்விட்டன. தொட்டி அங்கேயே கிடந்தது, மழை பெய்தால் தவளையோடு.

பக்கத்து வீட்டில் இருந்தவரை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். உறவு ஒன்றும் இல்லை. அம்மாவைவிட மூத்தவர், அவ்வளவுதான். அவர் வீட்டுக்காரர் போர்வெல் லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். குழந்தை இல்லை. அக்கா கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டாளாம். அந்த மாதமெல்லாம் அக்காவை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தது இந்தப் பெரியம்மாதான். அதனால் கட்டுச்சோற்றை அவர்தான் கட்ட வேண்டும் என்பது பேசாமலே முடிவாகியிருந்தது. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பெற்றவள் கட்டுச்சோறு கட்டமாட்டாள். வேறொருத்திதான் பாத்திரத்தின் வாயைத் துணியால் கட்டுவாள். யார் கட்டினார்களோ அவர்கள்தான் கூடவே போய் அங்கே முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

தொட்டியைக் கழுவித் தேய்த்து, பள்ளத்துத் தண்ணீரையே குடம் குடமாகக் கொண்டுவந்து நிரப்பினோம். மேலே தென்னை ஓலையில் முடைந்த தடுக்கு ஒன்றைப் போட்டு அதன்மேல் கல் வைத்தோம், பூனைக்காக.

காசு செலவில்லாமல் மீன் பிடிப்பதற்கு ஆளுக்கொரு வழி வைத்திருந்தோம்.

என் வழி பாட்டில். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் பெரிய கூல்டிரிங்ஸ் பாட்டில்கள் மலையாகக் கிடக்கும். கழுத்தை வெட்டி, தலைகீழாகத் திருப்பி அதே பாட்டிலுக்குள் செருகிக் கம்பியால் தைத்துவிடுவேன். ஆணியைச் சுட வைத்து உடம்பு முழுக்க ஓட்டை போடுவேன். அந்தப் பிளாஸ்டிக் கருகுகிற வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. உள்ளே ஒரு கல், தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த ஓர் உருண்டை. உரச்சாக்கு நூலில் கட்டி, வேரில் முடிந்துவிட்டு வருவேன்.

முதலில் தண்ணீர் வருகிற பக்கம் பார்த்து வாயை வைத்தேன். மறுநாள் பாட்டில் முழுக்கப் புங்க இலை. எல்லா பாட்டிலிலும் இலை. அன்று சாயங்காலம் குட்டை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மீன்கள் எல்லாம் தண்ணீரை எதிர்த்து மூக்கை நீட்டியபடி நின்றன. புண்ணாக்கு வாசனையும் மேலிருந்து கீழேதானே போகும்? பாட்டில்களைத் திருப்பி வைத்தேன். வாய் கீழ்ப்பக்கம் பார்த்தது. அடுத்த நாள் காலையில் ஒவ்வொன்றிலும் கெண்டைக் குஞ்சுகள் வெள்ளிக்காசு மாதிரி புரண்டன. எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இல்லை, நானே பார்த்துக் கண்டுபிடித்தது.

அப்பாவின் வழி கொசுவலை. கிழிந்துபோன பழைய கொசுவலையை இரண்டு குச்சிகளில் கட்டினார். காலி சிமெண்டுப் பைகளில் மணலை நிரப்பி ஓடையின் குறுக்கே அடுக்கி, நடுவில் ஓர் ஆள் நுழைகிற சந்து மட்டும் விட்டார். சந்தில் வலையைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பார். அம்மாவும் நானும் மேலிருந்து நாணலை மிதித்துக் கலக்கிக்கொண்டு இறங்கி வருவோம். ஜிலேபியும் கெளுத்தியும் அதில் விழும். கெளுத்தியை அப்பா மட்டும்தான் கையால் எடுப்பார். செவுளுக்குப் பக்கத்தில் இருக்கிற முள் குத்தினால் கை முழுக்கக் கடுக்கும்.

சித்தப்பாவின் வழி தூண்டில். குடைக்கம்பியைத் தட்டி நீட்டிக் கோலாக்கிக்கொண்டு, போனில் பாட்டு வைத்துக்கொண்டு, காலையிலிருந்து நிழலில் உட்கார்ந்திருப்பார். ஒன்றிரண்டு ஜிலேபி வரும். சில நாள் அதுவும் வராது. அவர்தான் ஒருநாள் அப்பாவிடம் சொன்னார்.

"எதுக்குண்ணா இந்தப் பாடு? ஒரு டப்பா பிளீச்சிங் பவுடரக் கொட்டுனாப் போதும், மொத்தமும் மேல வந்து மெதக்கும்."

"மெதக்கற மீனத் தின்னுட்டு மாசமா இருக்கறவ என்னாவா? அந்த டப்பாவ உன்ற வாயில கொட்டிக்க," என்றார் அப்பா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தொட்டியில் மீன் ஏறியது. காலையில் தடுக்கை எடுத்தால் தண்ணீருக்கடியில் கறுப்பும் வெள்ளியுமாக நகரும். அதில் எனக்குத் தெரிந்த மீன் ஒன்று இருந்தது. என் பாட்டில் கம்பியில் மாட்டி வால் கிழிந்த ஒரு கெண்டை. திருப்பும்போதெல்லாம் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தும். தினமும் முதலில் அதைத்தான் தேடுவேன். அம்மாவுக்கும் அந்த நாட்களில் நடை மாறியிருந்தது. களையெடுக்கப் போகிற இடத்தில், "மீனு சேத்தீட்டிருக்கறமுங்க, சம்பந்தி ஊட்டுக்கு" என்று கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

ஒருநாள் காலையில் தடுக்கைத் தூக்கினால் தொட்டியின் அடியில் ஒரு விரால் கிடந்தது. என் முழங்கையைவிட நீளம். பாம்புத் தலை, உடம்பெல்லாம் பட்டை பட்டையாகக் கறுப்பு. அசையாமல் கிடந்து, திடீரென்று மேலே வந்து ஒரு மடக்குக் காற்றைக் குடித்துவிட்டு மறுபடி இறங்கியது. நான் கத்திய கத்தலில் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

"எப்படா புடிச்சே?" என்று அப்பா சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"கொழம்புக்கு இதொண்ணு போதுமே!" என்றாள் அம்மா. அன்று சித்தப்பாவுக்கு இரண்டு முட்டை கிடைத்தது. பக்கத்து வீட்டுத் துவைக்கிற கல்லில் பெரியம்மா ஒரு சேலையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார். சேறு போகாத சேலை. எங்கள் சத்தம் கேட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி துவைத்தார். இதை நான் பார்த்தேன், ஆனால் ஒன்றும் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் தொட்டியில் மீன் குறையத் தொடங்கியது.

மீன் ஓரிடத்தில் நிற்காது, எண்ண முடியாது. ஆனாலும் கண்ணுக்குத் தட்டுப்பட்டது. நாங்கள் போடப் போட, வெள்ளியாக இருந்த இடம் கறுப்பாகிக்கொண்டே வந்தது. பூனையா என்றால் தடுக்கு அப்படியே இருந்தது. கொக்கா என்றால் கொக்குக்குக் கல்லை நகர்த்தத் தெரியாது. நான் தடுக்கைக் கூர்ந்து பார்த்து, கல் நேற்று வைத்த இடத்தில் இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அது உண்மைதான்.

மறுநாள் விடிகிற நேரத்தில் அம்மா வாசல் பெருக்கப் போனாள். அவள் குரல் கேட்டு நான் எழுந்து ஓடினேன். தொட்டியின் மேல் தடுக்கு பாதி விலகியிருந்தது. பெரியம்மா குனிந்து நின்றார், கை தொட்டிக்குள் இருந்தது. பக்கத்தில் அவருடைய பக்கெட்.

"என்ன பண்ணீட்டிருக்கறே?" என்றாள் அம்மா. பெரியம்மாவிடம் அவள் 'ங்க' இல்லாமல் பேசி நான் கேட்டதே இல்லை.

"மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது அம்மணி. தண்ணி கெட்டுப்போச்சு. நேத்தாட்டம் கொஞ்சம் மாத்தலாம்னு..."

"தண்ணி மாத்தறயா? தெனமும் மீனு கொறையறது தண்ணி மாத்தறதுலயா?"

பெரியம்மா நிமிர்ந்தார்.

"கெளுத்தி ஒண்ணுகூடக் கொறையல," என்றாள் அம்மா. "முள்ளுக் குத்தும்னு அத உட்டுப்போட்டு, கெண்டையும் ஜிலேபிக் குஞ்சுமாப் பாத்துப் பொறுக்கியிருக்கறே. வெவரந்தான்."

"இன்னொருக்காச் சொல்லு."

"சொல்றனே. என்ற புள்ள ஊடு திரும்பறதுக்குச் சேத்து வெச்சத எடுத்துத் தின்னா உனக்கு எப்புடி உள்ள எறங்குது?"

பெரியம்மா அம்மாவைப் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். "உன்ற மீனு உன்ற தொட்டியிலதான் இருக்குது. கண்ணு இருந்தாப் பாரு," என்று சொல்லிவிட்டு, பக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தெரிந்து சொன்னாரா, கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னாரா என்று நான் பிற்பாடும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. எங்கள் கோழி அவர் வாசலுக்குப் போனால் அம்மா போய்த் தூக்கிக்கொண்டு வருவாள். முன்பெல்லாம் அது அங்கேயே முட்டை வைத்தால்கூடப் பெரியம்மா கொண்டுவந்து கொடுப்பார். அப்பா ஒரே ஒரு தடவை, "அவிய எடுத்திருக்க மாட்டாங்க புள்ள," என்றார். "அப்ப மீனு ரெக்கை மொளச்சுப் பறந்து போச்சுங்களா?" என்றாள் அம்மா. மீன் எங்கே போனது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் மேட்டுக்காட்டு ஆட்கள். தாத்தா காலம் வரைக்கும் வானம் பார்த்த பூமியில் கம்பும் சோளமும் தின்றவர்கள். வாய்க்கால் பக்கம் பிழைக்க வந்த பிறகுதான் மீனைப் பிடித்தோம், தின்றோம். மீன் என்ன தின்னும் என்று யாரும் யோசித்ததில்லை. தவிடு தின்னும், அவ்வளவுதான்.

கட்டுச்சோற்றுக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா போனில் பேசினாள்.

"பெரியம்மா வருதுங்களாம்மா?"

"வரும் வரும்."

"அவிய கையாலதான் அவுக்கோணும். நான் இங்க எல்லார்த்துகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன்."

"வருவாங்கன்னு சொன்னனல்ல?" அம்மா போனைச் சித்தப்பாவிடம் நீட்டிவிட்டு, அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றாள். கட்டுவதற்குத் தெருக்கோடியில் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று இருந்தாள் போல. யாரையும் கூப்பிடவில்லை.

நான் போய்த் தொட்டியைப் பார்த்தேன். வால் கிழிந்த கெண்டை இருந்தது. ஒரு பக்கம் சாய்ந்தபடி விளிம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. கெண்டையில் மிச்சம் அதுவும் இன்னும் சிலதும்தான்.

மறுநாள் விடிந்ததும் பொடக்காளியில், அதாவது வீட்டுக்குப் பின்னால், சாம்பலும் சொரசொரப்பான கல்லுமாக அம்மா உட்கார்ந்தாள். அப்பா தொட்டியிலிருந்து மீனை அள்ளி அள்ளிக் கொடுத்தார். நிறையக் கெளுத்தி, கொஞ்சம் பெரிய ஜிலேபி. வால் கிழிந்த கெண்டை இல்லை. நான் தொட்டியின் தண்ணீரையெல்லாம் இறைத்துப் பார்த்துவிட்டேன். இல்லை. தடுக்கும் கல்லும் நான் வைத்த இடத்திலேயே இருந்தன.

கடைசியாக விரால். சித்தப்பா அதன் தலையில் உலக்கையால் ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தார். அம்மா சாம்பலைப் போட்டுக் கல்லில் தேய்த்து வழுவழுப்பை எடுத்தாள். அருவாமனையில் வைத்து வயிற்றைக் கிழித்தாள். வயிறு தடிப்பாக இருந்தது. "சினை போல," என்றபடி விரலை விட்டு இழுத்தாள்.

முழுசாக ஒரு கெண்டை வந்தது. செதில்கூட உதிராமல். வால் கிழிந்திருந்தது.

அதற்குப் பின்னால் இன்னொன்று, பாதி கரைந்தது. பிறகு முள் மட்டும்.

அப்பா குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார், "எங்கியும் போகல. எல்லாம் ஒரே பக்கந்தான் போயிருக்குது."

அம்மா நிமிராமலே கேட்டாள், "தம்பி, இத நீங்கதான புடிச்சுப் போட்டீங்க?"

"நான் எப்பங்கண்ணி சொன்னேன்?"

"மீசையத் தடவுனீங்களே?"

"மீசை அரிச்சுதுங்கண்ணி."

"நீங்களும் இல்லீங்களா?" என்று அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார்.

அப்போது நான் அந்தச் சேலையைச் சொன்னேன். விரால் வந்த காலையில் பெரியம்மா சேற்றுச் சேலையை அடித்துத் துவைத்ததை. அம்மா பக்கத்து வீட்டுக் கொடியைப் பார்த்தாள். அதே சேலை மறுபடி துவைத்து அங்கே காய்ந்துகொண்டிருந்தது. முந்தானையில் நீளமாக ஒரு கிழிசல், கறுப்பு நூலால் தைத்திருந்தது.

உடனே எழுந்து ஓடினாள் என்று நீங்கள் நினைத்தால், அம்மா அப்படிப்பட்டவள் இல்லை. மீனையெல்லாம் உப்புப் போட்டு அலசினாள். சின்ன வெங்காயம், கொத்தமல்லி, மிளகாய், தேங்காய் எல்லாம் வறுத்து என்னை ஆட்டச் சொன்னாள். புளியைக் கரைத்தாள். எங்கள் வீட்டில் கவுச்சியை உள் அடுப்பில் ஏற்றமாட்டார்கள், அதனால் பொடக்காளியிலேயே மூன்று கல் வைத்துப் பெரிய சட்டியில் கொதிக்கவிட்டாள். கெளுத்தியை முதலில் போட்டாள், விரால் துண்டுகளைக் கடைசியில். வால் கிழிந்த கெண்டையைக் குழம்பில் போடவில்லை. தனியாக ஒரு வாழை இலையில் சுருட்டி வைத்தாள். எதற்கென்று சொல்லவில்லை. அதைப் பூனை தின்றது.

வேன் வருகிற நேரமாயிற்று. அம்மா கை கால் கழுவிப் புதுச் சேலை கட்டினாள். சட்டியின் வாயில் வாழை இலை வைத்துத் தட்டால் மூடினாள். கட்டவில்லை. சூடு பொறுக்கத் துணியைச் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, கட்டுகிற வெள்ளைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள். நான் பின்னாலேயே போனேன்.

பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பார்த்தார். எழவில்லை.

"என்ன, மீனு கெடச்சுதா?"

"கெடச்சுதுங்கக்கா."

"எங்க இருந்துச்சு?"

"நீங்க புடிச்சுப் போட்ட மீனு வயித்துலங்க."

பெரியம்மாவின் கை நின்றது. "அட கெரகமே," என்றார். "புங்கமரத்துச் சேத்துல கால் வெச்சா வழுக்கீட்டுப் போச்சு. முந்தானையப் போட்டு அமுக்கிப் புடிச்சேன், அதையும் கிழிச்சுப்போட்டுது. புள்ளைக்கு ஆகட்டும்னு கொண்டாந்து உட்டா, அது உக்காந்து பந்தி தின்னுருக்குதா?"

"ஏன் சொல்லல நீங்க?"

"உன்ற கொழுந்தன் மீசையத் தடவீட்டு நின்னாரு. பெருமையாத்தான் இருந்துட்டுப் போகட்டும்னு உட்டேன். அப்பறம் நீ என்னையச் சொல்ல உட்டியா?"

அம்மா சட்டியைப் படியில், அவர் காலுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தாள். தோளில் இருந்த துணியை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"கட்டிக் குடுங்கக்கா."

"நான் வரல அம்மணி. திருடி வந்தா சம்பந்தி ஊட்டுல கரண்டி காணாமப் போகும்."

அம்மா அங்கிருந்து நகரவில்லை. வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. சித்தப்பா ஏதோ கத்தினார். சட்டியிலிருந்து ஆவி இலையைத் தூக்கித் தூக்கி இறக்கியது. மன்னிப்புக் கேட்டுவிடேன் என்று எனக்கு உள்ளே துடித்தது. அம்மாவுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. அவள் வளர்ந்த இடத்தில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

பெரியம்மா வெங்காயத்தை முறத்தில் போட்டார். கையைச் சேலையில் துடைத்தார். துணியை உதறி, சட்டியின் மேல் விரித்து, கீழே கொண்டுபோய்க் குறுக்கே திருப்பி, மேலே கொண்டுவந்து முடிச்சுப் போட்டார். ஒரு முடிச்சு. அதன்மேல் இன்னொன்று. இழுத்துப் பார்த்தார்.

"அஞ்சு நிமிசம் இரு. சீலை மாத்தீட்டு வாரேன்," என்றார்.

கொடுமுடியில் வேன் நின்றதும் நான்தான் முதலில் இறங்கினேன். அக்காவின் வீட்டு வாசலில், நிலைக்குப் பக்கத்தில், ஒரு பெரிய பை ஜிப் போட்டுத் தயாராக இருந்தது. அதன்மேல் அக்காவின் தலையணை, பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க். பையைத் தாண்டித்தான் உள்ளே போனேன். அதைப் பார்த்தேன், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பெரியம்மா முடிச்சை அவிழ்த்தார். தட்டைத் தூக்கியதும் வாசனை கூடம் முழுக்கப் போயிற்று. அக்கா பந்திக்காகக் காத்திருக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, சட்டியிலிருந்தே ஒரு கெளுத்தியை எடுத்துவிட்டாள்.

"இதுக்குத்தானுங்க," என்றார் அவள் மாமியார் அம்மாவிடம். "வாயத் தொறந்தாப் பள்ளத்துக் கெளுத்தி, பள்ளத்துக் கெளுத்தின்னு. காவேரி மீனு வெச்சுக் குடுத்தா மோந்து பாத்துட்டு எந்திரிச்சுப் போயிர்றா. உங்ககிட்டக் கேளுடின்னா, அம்மா சிரமப்படும்னு கூச்சப்படறா. அதான் நானே கேட்டுப்போட்டேன். உங்களுக்குச் சங்கடமா இருந்திருக்குமுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றாள் அம்மா.

"ஆஸ்பத்திரி விசயம் சொன்னனுங்கல்ல? டாக்டரம்மா அம்மா ஊட்டுக்கே போகலாம்னுட்டாங்க. காலைலயே பைய எடுத்து வெச்சுட்டேன்." ஒரு வாய் சோற்றில் குழம்பை ஊற்றித் தின்று பார்த்துவிட்டு அந்தம்மா சேர்த்துச் சொன்னார், "உப்பு மட்டும் ஒரு கல்லுக் கம்மிங்க."

அம்மாவுக்கு அன்று அது ரசமாகக் கேட்கவில்லை. "அடுத்த தடவை பாத்துக்கறனுங்க," என்றாள்.

திரும்பும்போது வேனில் அக்கா நடுவில், அம்மா ஒரு பக்கம், பெரியம்மா இன்னொரு பக்கம். பையும் தலையணையும் என் மடியில். காலிச் சட்டி பெரியம்மாவின் காலுக்கடியில் உருண்டுகொண்டே வந்தது. ஈரோடு தாண்டியதும் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"பள்ளத்துல இன்னும் கெளுத்தி கெடக்குதுங்கக்கா. நாளைக்குப் புடிச்சா மொத்தமும் உங்களுக்குத்தான்."

"எனக்கெதுக்கு அம்மணி கெளுத்தி?" என்றார் பெரியம்மா. "முள்ளுக் குத்தும். நான் கெண்டையாப் பாத்துத்தான பொறுக்குவேன்?"

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வேன் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.